கப்பலுக்கு ரைஸ் குக்கர் கொண்டு போகலாமா?

போன வாரம் லிஃப்டுல நாலாம் மாடி அக்கா பிடிச்சுக்கிட்டாங்க.

“கப்பல்ல போனீங்களாமே! எவ்ளோ ஆச்சு? வாந்தி வந்துச்சா?”

அதுக்கு முந்தின நாள் பசார் மாலாம்ல கச்சான் புத்தே விக்கிற அண்ணன் கேட்டாரு. அதே ரெண்டு கேள்வி. அதே வரிசை. கோயில்ல ஐயர் மட்டும் மாத்திக் கேட்டாரு. முதல்ல வாந்தி, அப்புறம் காசு.

கம்போங் மேடான்ல ஒருத்தர்கிட்ட ஒரு சேதி சொன்னா போதும். நாம வீட்டுக்கு நடந்து வர்றதுக்குள்ள அது ஜாலான் கிள்ளான் லாமாவைத் தாண்டிடும். ஆளாளுக்குப் பதில் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப் போச்சு. அதான் இங்க எழுதி வெச்சுடலாம்னு உக்காந்துட்டேன். இனிமே யாராவது கேட்டா லிங்க் அனுப்பிடுவேன்.

முதல்ல வாந்தி. இல்ல. யாருக்கும் வரல.

மலாக்கா நீரிணையில பெரிய அலை ரொம்ப அபூர்வம். ஒரு பக்கம் நம்ம தீபகற்பம், இன்னொரு பக்கம் சுமத்ரா, ரெண்டும் சேர்ந்து அணை கட்டின மாதிரி நிக்குது. அதோட பெரிய கப்பலுக்கு அடியில ரெண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி ஒண்ணு இருக்கும். கப்பல் சாயப் பாத்தா அது சாயவிடாது. நாங்க போனது டிசம்பர். புக்கெட் பக்கத்து அந்தமான் கடலும் அப்ப அடங்கிக் கிடக்கும். மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் போறவங்க அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடத் தயாரா இருங்க. கப்பலோட நடுவுல, கீழ் மாடியில ரூம் கேட்டு வாங்குங்க. மேல போகப் போக, ஓரத்துக்குப் போகப் போகத்தான் ஆட்டம் ஜாஸ்தி.

எங்கம்மா மட்டும் கோடாலித் தைலம் மூணு பாட்டில் கொண்டு வந்தாங்க. மூடி திறக்கல. (அதுல ஒண்ணை ரூம் துடைக்கிற தம்பிக்குக் குடுத்துட்டாங்க. அவரைப் பத்தி அப்புறம் சொல்றேன்.)

இப்ப காசு. இதுல எனக்குக் கோபம் இருக்கு.

வாட்ஸ்அப்ல ஒரு படம் வந்துச்சு. வெள்ளைக் கப்பல், நீலக் கடல், தொப்பி போட்ட அக்கா. மூணு ராத்திரி, ஆளுக்கு 699 வெள்ளி. எங்க வீட்டுக்காரர் உடனே கணக்குப் போட்டாரு. அஞ்சு பேர், அஞ்சு எழுநூறு மூவாயிரத்து ஐநூறு. “லங்காவிக்குப் போனாலே இது ஆயிடும்”னாரு.

அந்த 699-க்குக் கீழ குட்டியா ஒரு நட்சத்திரக் குறி இருந்துச்சு. அதை நாங்க ரெண்டு பேருமே பாக்கல. கண்ணாடி போட்டுக்கிட்டே பாக்கல.

ஒரு ரூம்ல ரெண்டு பேர் தங்கினா ஆளுக்கு ஆகுற விலை அது. துறைமுகக் கட்டணம் தனி. டிப்ஸ் தனி. அந்த டிப்ஸ் நாம மனசு வந்து குடுக்கறது இல்ல. ராத்திரிக்கு இவ்ளோ, ஆளுக்கு இவ்ளோன்னு பில்லுலயே ஏறிடும். எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஒன்பது வயசு. அவ யாரையும் வேலை வாங்கல. அவளுக்கும் டிப்ஸ். எல்லாம் சேர்த்து ஏறும்போதே 5,000-ஐத் தாண்டிடுச்சு. இறங்கும்போது எவ்ளோன்னு கேக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தைப் படிப்பாரு.

கப்பலுக்குள்ள நம்ம பர்ஸுக்கு வேலையே இல்ல. எல்லாத்துக்கும் ஒரு அட்டை. ரூம் திறக்கறதும் அதுதான், காசு கட்டறதும் அதுதான். நோட்டை எண்ணிக் குடுத்தாத்தான் கைக்கு வலிக்கும். அட்டையைத் தட்டும்போது ஒண்ணும் தெரியாது. கடைசி நாள் காலையில கதவுக்கு அடியில ஒரு காகிதம் நுழையும் பாருங்க, அப்பத்தான் தெரியும். காபி மிஷின் காபி ஓசி, கப்புல பூ வரைஞ்சு குடுக்கற காபிக்குக் காசு. இது என் பையனுக்குத் தெரியாது. அவன் மூணு நாளா பூ பூவாக் குடிச்சிருக்கான்.

சரி. எல்லாத்துக்கும் முன்னால, நாங்க கப்பலைக் கண்டுபிடிச்ச கதை.

எங்க வீட்டுலேர்ந்து கம்போங் டத்தோ ஹருண் ஸ்டேஷன் பக்கம். கேடிஎம் ஏறினா கடைசி ஸ்டேஷன் போர்ட் கிள்ளான். கப்பல் எங்கேருந்து கிளம்புது? போர்ட் கிள்ளான். அப்புறம் என்ன, ஏறி உக்காந்தோம். நாலு பெட்டி, ஒரு ரோத்தான் கூடை, ஒரு பாட்டி.

இறங்கி வெளிய வந்தா ஒரு படகுத்துறை. கப்பலைக் காணோம். கப்பலோட நிழலைக்கூடக் காணோம். டிக்கெட் கவுண்டர்ல இருந்த சீனப் பெரியவர் எங்க பெட்டியையும் பாத்தாரு, எங்களையும் பாத்தாரு. “கெத்தாமுக்கு இவ்ளோ சாமானா?”ன்னு மலாய்ல கேட்டாரு.

அது பூலாவ் கெத்தாமுக்குப் போற படகுத்துறை. நண்டு திங்கப் போறவங்க ஏறுற இடம்.

பெரிய கப்பல் வர்றது பூலாவ் இண்டாவுல. பேருதான் தீவு, பாலம் போட்டு வருஷக்கணக்கா ஆச்சு, காடியிலயே போகலாம். முன்னாடி அதுக்குப் பூலாவ் லுமுட்னு பேரு. லுமுட்னா பாசி. பேரை அழகுன்னு மாத்திட்டாங்க. ஆனா போற வழியெல்லாம் கண்டெய்னர் லாரிதான். கிரேப் பிடிச்சு, அந்த லாரிகளுக்கு நடுவுல பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு ஓடினோம். நீங்க போனா கேடிஎம்ல போகாதீங்க. (கெத்தாம் போறதா இருந்தா தாராளமா போங்க.)

டெர்மினல்ல பெட்டியெல்லாம் எக்ஸ்ரே மிஷினுக்குள்ள போகும். அங்கதான் அம்மா மாட்டினாங்க.

ரோத்தான் கூடைக்குள்ள ரைஸ் குக்கர். சின்னது, ஒரு கப் அரிசி வேகறது. சேலையில சுத்தி வெச்சிருந்தாங்க, குழந்தை மாதிரி.

சூடு பண்ற சாமான் எதையும் கப்பல்ல விடமாட்டாங்க. இஸ்திரிப்பெட்டி, தண்ணி காய வைக்கற ஜக், அடுப்பு, சில கப்பல்ல நீட்டு வயர் பிளக்குகூட. கப்பல்காரனுக்குப் புயலைவிட நெருப்புதான் பயம். நடுக்கடல்ல தீப்பிடிச்சா பொம்பாவுக்கு ஃபோன் பண்ணவா முடியும்? இதையெல்லாம் அம்மாகிட்டச் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. அப்புறம் அந்த ஆபீசர்கிட்ட தமிழ்ல சொன்னாங்க: “தம்பி, ரசம் சோறு மட்டும்தான்.”

அவரு சிரிச்சுக்கிட்டே குக்கருக்கு ஒரு சீட்டு ஒட்டி வாங்கி வெச்சுக்கிட்டாரு. திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்னாரு.

கூடையோட அடியில மைலோ டின்ல நெத்திலிச் சம்பல் இருந்துச்சு. அதை அவரு பாக்கல. வீட்டுச் சாப்பாடும் கொண்டு போகக்கூடாது. தப்புதான். ஆனா ரெண்டாம் நாள் கப்பல் சாப்பாட்டைச் சாப்பிட்டப்ப அந்தத் தப்பு பண்ணினதுக்காக அம்மாவுக்கு நன்றி சொன்னேன்.

கப்பலைப் பக்கத்துல பாத்தா மனசுக்குப் பிடிபடாது. கப்பல் மாதிரியே இல்ல. எங்க பிளாட்டை நாலஞ்சு தடவை பக்கத்துல பக்கத்துல வெச்சு வெள்ளையடிச்ச மாதிரி இருந்துச்சு. எங்க கப்பல் பேரைச் சொல்லமாட்டேன். (வம்பு வேணாம்.) ஆனா இந்தப் பக்கம் ஓடுறதுல கெந்திங் டிரீம்னு ஒண்ணு இருக்கே, 2016-ல ஜெர்மனியில கட்டினது, அது 335 மீட்டர் நீளம், சுமார் 150,000 டன். டைட்டானிக் 269 மீட்டர்தான், 46,000 டன். இப்போதைக்குப் பெரிய தலைங்கள்ல ஒண்ணு ஐகான் ஆஃப் தி சீஸ். 2024 ஜனவரியில ஓட ஆரம்பிச்சது, 248,663 டன். இந்த டன்னெல்லாம் எடை இல்லங்க. கப்பலுக்குள்ள எவ்ளோ இடம் அடங்குதுங்கற கணக்கு. நானும் ரொம்ப நாளா எடைன்னுதான் நினைச்சிருந்தேன்.

நம்ம ஊர்ல இந்தப் பழக்கத்தைக் கொண்டு வந்தது கெந்திங்காரங்கதான். 1993-ல ஸ்டார் குரூசஸ் ஆரம்பிச்சாங்க. 1999-ல சூப்பர்ஸ்டார் விர்கோ வந்துச்சு. அப்பல்லாம் எங்க பக்கத்து அங்கிள்மார்களுக்கு அது சூதாட்டக் கப்பல். பல பயணம் எந்த ஊருக்கும் போகாது. ராத்திரி கடலுக்குப் போய் நிக்கும், விடிஞ்சா திரும்பி வரும். நாட்டு எல்லை தாண்டினா கேசினோ திறந்துடும். கோவிட்ல அந்தக் கெந்திங் ஹாங்காங் 2022 ஜனவரியில படுத்துடுச்சு. அதே வருஷம் ஜூன்ல ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ்னு வேற பேர்ல எழுந்து வந்துட்டாங்க.

இதையெல்லாம் அம்மாகிட்டப் பெருமையா சொல்லிக்கிட்டே வந்தேன். அவங்க அண்ணாந்து பாத்தாங்க. “ரஜூலாவைவிடப் பெருசா?”ன்னு கேட்டாங்க.

அம்மா 1951-ல தோட்டத்துல பிறந்தவங்க. ஒன்பது வயசுல தாத்தாவோட ரஜூலாவுல ஊருக்குப் போயிட்டு வந்திருக்காங்க. அந்தக் கப்பலைக் கட்டினது 1926-ல. எட்டாயிரத்துச் சொச்சம் டன். 1973 வரைக்கும் மெட்ராஸ், நாகப்பட்டணம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர்னு ஓடிக்கிட்டே இருந்துச்சு. (போர்ட் சுவெட்டன்ஹாம்தான் 1972-ல போர்ட் கிள்ளான் ஆச்சு. ஆக அம்மா ஏறினதும் இதே ஊர்தான்.)

இப்ப ஒரு கணக்கு பாருங்க. கெந்திங் டிரீம்ல ரூமுக்கு ரெண்டு பேர்னு வெச்சா 3,352 பேர். டன் கணக்குல ரஜூலா அதுல பதினேழுல ஒரு பங்குகூட இல்ல. ஆனா ஆரம்ப காலத்துல ரஜூலாவுக்கு 5,000-க்கும் மேல டெக் பயணிகளை ஏத்த லைசன்ஸ் இருந்துச்சு.

டெக் பயணின்னா ரூம் கிடையாது. தளத்துல பாய் விரிச்சு, டிரங்குப் பெட்டியை எல்லையா வெச்சு, அதுதான் வீடு. “பெட்டியை நகத்துனா சண்டை வரும்”னாங்க அம்மா.

எங்களுக்குக் கிடைச்சது ஜன்னல் இல்லாத உள் ரூம். ரெண்டு ரூம். ஒண்ணொண்ணும் எங்க வீட்டுச் சமையல்கட்டைவிடக் கொஞ்சம் பெருசு. நான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். பால்கனி இல்லையே, கடல் தெரியாதேன்னு. அம்மா உள்ள வந்து மெத்தையை அமுக்கிப் பாத்தாங்க, ஏர்கோண்டு கீழ நின்னாங்க, பாத்ரூமைத் திறந்து பாத்தாங்க. “ஒரு ரூமுக்கு ஒரு கக்கூஸா!”

அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கல.

(கக்கூஸ்னு வந்துட்டதால சொல்லிடறேன். எங்க ரூம்ல பைப் இல்ல. காகிதம்தான். நம்ம ஆளுங்க ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டிலை ஏறும்போதே எடுத்து வெச்சுக்குங்க. இன்னொண்ணு, ஃபிளஷ் அமுக்கினா காத்தை இழுத்து ஒரு சத்தம் போடும், புலி உறுமற மாதிரி. மூடியைச் சாத்திட்டு அமுக்குங்க. எங்க பொண்ணு முதல் தடவை வெளியவே ஓடி வந்துட்டா.)

உள் ரூம்ல விளக்கை அணைச்சா கும்மிருட்டு. ராத்திரியா பகலா தெரியாது. ஒரு உபாயம் கண்டுபிடிச்சோம். கப்பலோட மூக்குல ஒரு கேமரா இருக்கு, அது டிவியில ஒரு சானலா வரும். சத்தத்தைக் குறைச்சு அதைப் போட்டு விட்டுட்டா ராத்திரி இருட்டா இருக்கும், விடிஞ்சா ரூமுக்கும் வெளிச்சம் வரும். காசில்லாத ஜன்னல்.

இன்னொரு உபாயம். ரூம் சுவரும் கதவும் இரும்பு. காந்தம் ஒட்டும். எல்லாக் கதவும் ஒரே மாதிரி, நடைபாதை ஒரு தெரு நீளம். முதல் நாள் நான் வேற யாரோ ரூமை மூணு நிமிஷம் திறக்கப் பாத்தேன். அப்புறம் பையன் பெட்டியில தொங்கிக்கிட்டிருந்த பத்துமலை முருகன் காந்தத்தைக் கழட்டி எங்க கதவுல ஒட்டிட்டான். அதுக்கப்புறம் எங்களோட சேர்ந்து பக்கத்து ரூம் பஞ்சாபிக் குடும்பமும் முருகனைப் பாத்துத்தான் வழி கண்டுபிடிச்சாங்க.

கப்பல் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு மணி அடிச்சு எல்லாரையும் வரச் சொல்வாங்க. ஆபத்துன்னா எங்க வந்து நிக்கணும்னு காட்டுவாங்க. குட்டியா ஏழு ஊதல், நீளமா ஒண்ணு. அதுதான் அடையாளம். இதுக்குப் போகாம ஏமாத்தாதீங்க. 2012 ஜனவரி 13-ந்தேதி இத்தாலியில கோஸ்டா கொன்கோர்டியா பாறையில மோதிக் கவுந்துச்சே, 32 பேர் செத்தாங்க. அன்னிக்குச் சாயங்காலம்தான் ஏறின பல பேருக்கு இந்தப் பயிற்சியே நடக்கல, மறுநாள்னு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் கிளம்பறதுக்கு முன்னாலயே, இல்லாட்டி கிளம்பின உடனேயே நடத்தணும்னு சட்டத்தை மாத்தினாங்க.

நான் இதை அம்மாவுக்கு எப்படி விளக்கறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன்.

“பெரட்டுதானே?”ன்னாங்க.

தோட்டத்துல விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக் களத்துல வரிசையா நிக்கணும். கிராணி பேர் கூப்பிட்டு எண்ணுவாரு. பால்மரம் வெட்டின கை அம்மாவோடது. கப்பல் பெரட்டுலயும் முதல் வரிசையில, கையைக் கட்டிக்கிட்டு, அசையாம நின்னாங்க. எங்க வீட்டுக்காரர் செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தாரு. அம்மா ஒரு பார்வை பாத்தாங்க. ஃபோன் பாக்கெட்டுக்குள்ள போயிடுச்சு.

ஃபோன்! கப்பல் கரையை விட்டதும் ஃபோனை விமான மோடுல போட்டுடுங்க. கடல்ல கப்பலுக்குன்னு ஒரு சிக்னல் இருக்கு. நம்மளைக் கேக்காமலே ஃபோன் அதைப் பிடிச்சுக்கும். எங்க வீட்டுக்காரர் போடல. அவரோட குடும்பக் குரூப்புல காலையில அம்பது பூ படம் வரும். “இனிய காலை வணக்கம்” ரோஜா. அந்த ரோஜாவெல்லாம் நடுக்கடல்ல தானாவே இறங்குச்சு. அந்த மாச பில்லைப் பாத்தா ஒரு நிஜ ரோஜாத் தோட்டமே வாங்கியிருக்கலாம்.

சாப்பாடு. இதுக்குத்தான் பாதிப் பேர் போறாங்க, ஒளிச்சுப் பேசறதுல அர்த்தமில்ல. காலையில ஆறரைக்கே பசியாற வரிசை நிக்கும். அளவில்லாச் சாப்பாடுன்னா நம்ம ஆளுங்க முதல் நாள் தட்டுல மலை கட்டுவாங்க. நானும் கட்டினேன். நாசி லெமாக், பூரி, நூடல்ஸ், கேக், எல்லாம் ஒரே தட்டுல. கேக்குல சம்பல் பட்டுச்சு. ரெண்டாம் நாள் பாதித் தட்டு. மூணாம் நாள் ரெண்டு இட்லி இருந்தாப் போதும்னு ஆயிடுச்சு. இந்தியச் சாப்பாடு இருக்கு. சைவம் இருக்கு. உப்புதான் இல்ல, காரமும் பேருக்குத்தான். ஆயிரம் நாக்குக்குச் சமைச்சா அப்படித்தான் இருக்கும். அங்கதான் மைலோ டின் வேலைக்கு வந்துச்சு.

நம்ம ரூம் தம்பி நாகர்கோவில் பக்கம். அம்மா தமிழ்ல பேசினதும் அவரு முகம் மாறிடுச்சு. ஒன்பது மாச காண்ட்ராக்ட், அதுல ஏழு முடிஞ்சுடுச்சு. வீட்டுல சின்னக் குழந்தை, நடக்க ஆரம்பிச்சதை வீடியோவுலதான் பாத்திருக்காரு. கப்பல் வேலைக்காரங்களுக்கு உலக அளவுல ஒரு ஒப்பந்தம் இருக்கு, 2006-ல போட்டது. ஒரு நாளைக்கு 14 மணி நேரத்துக்கு மேல, வாரத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது. அதுதான் உச்சவரம்பு! அதைக் கேட்டதும் என் பொண்ணோட டிப்ஸுக்காக நான் முணுமுணுத்ததை மனசுக்குள்ள வாபஸ் வாங்கிட்டேன்.

(பூ காபிக்காக முணுமுணுத்ததை மட்டும் வாபஸ் வாங்கல.)

அம்மா அவருக்குச் சம்பல் குடுத்தாங்க. கோடாலித் தைலம் குடுத்தாங்க. “அம்மா, வேண்டாம்மா”ன்னாரு. பிடிங்க தம்பின்னு கையில திணிச்சாங்க. அதுக்கப்புறம் அம்மா படுக்கையில தினம் துண்டுல ஒரு யானை, ஒரு அன்னம் மடிச்சு வெச்சிருப்பாரு. எங்க படுக்கையில வெறும் துண்டு.

பினாங்குல கப்பல் சுவெட்டன்ஹாம் துறையில நேரா வந்து ஒட்டும். இறங்கி நடந்தே லிட்டில் இந்தியா போயிடலாம், டூர் பஸ்ஸுக்குக் காசு அழாதீங்க. குவீன் தெரு மாரியம்மன் கோயில் 1833-ல கட்டினது, சாமி கும்பிட்டு, செண்டோல் குடிச்சுட்டு, வேர்க்க வேர்க்கத் திரும்பினோம்.

புக்கெட் வேற மாதிரி. பத்தோங் கடற்கரைக்கு நேரா, தள்ளி, கடல்லயே கப்பல் நங்கூரம் போட்டுடும். அங்கேருந்து சின்னப் படகுல இறங்கிக் கரைக்குப் போகணும். கப்பலோட வயித்துல ஒரு கதவைத் திறக்கறாங்க. படகு மேலயும் கீழயும் ஆடுது. ரெண்டு ஆள் கையைப் பிடிச்சு, படகு மேல வர்ற நேரம் பாத்து “இப்ப!”ங்கறாங்க. எனக்கு முன்னால நின்ன பொண்ணு அழுதுச்சு. எனக்கும் கால் வரல.

அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கிட்டு, ஒரே எட்டு. உள்ள போய் உக்காந்துட்டாங்க.

“நாகப்பட்டணத்துல இப்படித்தான். கப்பல் கரைக்கு வராது. படகு வரும். தாத்தா என்னை மேலேருந்து போட்டாரு, கீழ ஒரு ஆள் பிடிச்சான்.”

போட்டாரா!

“ஆமா. மூட்டையும் அப்படித்தான் வந்துச்சு.”

சாதாரணமா சொல்லிட்டு, பையில இருந்த இஞ்சி மிட்டாயை எடுத்து அந்த அழுத பொண்ணுக்குக் குடுத்தாங்க.

புக்கெட்ல நாங்க கப்பலைத் தவற விடப் பாத்த கதைதான் இதுல முக்கியம், கவனமா கேளுங்க. தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால. ஆனா எங்க கப்பல் நம்ம மலேசிய நேரத்துலயே ஓடுச்சு. கடைசிப் படகு நாலு மணி, கப்பல் நேரம். நாங்க கரையில மாங்கா வெட்டித் தின்னுக்கிட்டு ஃபோனைப் பாத்தோம். 2:40. இன்னும் ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல இருக்கு, காலை அமுக்கி விடச் சொல்லலாமான்னு எங்க வீட்டுக்காரர் யோசிக்கறாரு. ஃபோன் கரை ஏறினதும் தானாவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிடுச்சுங்கறது யாருக்கும் தோணல.

அம்மா கையில பழைய சீக்கோ கடிகாரம். சாவி குடுக்கறது. “நாலுக்கு இருவது நிமிஷம்தான் இருக்கு, மாப்பிள்ளை”ன்னாங்க.

மணல்ல ஓடியிருக்கீங்களா? கையில செருப்பு, மறுகையில மாங்கா, முதுகுல பை. 74 வயசு அம்மா முன்னால போறாங்க. படகுல ஏறி உக்காந்ததும் கயித்தை அவுத்துட்டான். பின்னால இன்னும் ரெண்டு பேர் கையைக் காட்டிக்கிட்டு ஓடி வந்தாங்க. அவங்களுக்காக நின்னானா இல்லையான்னு நான் திரும்பிப் பாக்கல, மூச்சு வாங்கிக்கிட்டிருந்தேன். கப்பல் ஆளுக்காக நிக்காது, தவற விட்டா அடுத்த ஊருக்கு நம்ம செலவுல போய்ப் பிடிக்கணும். கடிகாரம் ஒண்ணு கட்டிக்கிட்டுப் போங்க. முள்ளு வெச்சது.

அன்னிக்கு ராத்திரிதான் நான் கடலைப் பாத்தேன். நிஜமாதான் சொல்றேன். அதுவரைக்கும் சறுக்குத் தண்ணி விளையாட்டு, ஷோ, வரிசை, சாப்பாடு, லிஃப்ட், மறுபடி சாப்பாடு. பாதி நேரம் சன்வே பிரமிட்ல சுத்தற மாதிரிதான் இருந்துச்சு. பன்னெண்டு மணிக்கு மேல் தளத்துல ஆள் இல்ல. அம்மா கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. தூரத்துல மீன்பிடிப் படகு விளக்கு, பச்சைப் பச்சையா.

“இதுக்கு ஏன் யாரும் வரல?”ன்னு கேட்டாங்க.

இதுக்குக் காசு இல்லம்மா, அதான்னு சொன்னேன்.

கடைசி நாள் காலையில பூலாவ் இண்டா. பெட்டியெல்லாம் வரிசையா. ஒரு மேசை மேல பிடிச்சு வெச்ச சாமான்களைப் பரப்பி வெச்சிருந்தாங்க. நான் அம்மாவோட ஒரே ஒரு குக்கர் பாவமா தனியா உக்காந்திருக்கும்னு நினைச்சேன். போய்ப் பாத்தா இஸ்திரிப்பெட்டி பதினஞ்சு இருபது, ஜக்கு ஒரு கும்பல், அப்புறம் குக்கர். ஏழு குக்கர். அதுல மூணு அச்சா ஒரே மாதிரி, அதே சிவப்பு, அதே ஒரு கப். சீட்டு எல்லாத்துலயும் கழண்டு கிடக்கு.

ஒரு சீன ஆண்ட்டி, ஒரு மலாய் மக்சிக், எங்கம்மா. மூணு பேரும் மூடியைத் திறந்து திறந்து மோந்து பாத்துக்கிட்டு நிக்கறாங்க. எங்கம்மாதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க.

ரச வாசம்.